2.8 மில்லி கூடுதல், 2 லட்சம் டாலர் அபராதம்: சின்ன அணி எப்படித் தப்பிப்பது?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து நார்த் கரோலினாவில் ஒரு லேட் மாடல் ஸ்டாக் கார் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை இரவுப் பந்தயங்களில் ஓட்டுகிறோம். இப்போது பழைய இன்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. நாளை சோதனையில் அது விதியை மீறியதாகத் தெரிந்தால், பெரிய அணிக்குத் தரும் தண்டனையைத்தான் எங்களுக்கும் தருவார்களா? அது நியாயமா? வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பழைய இன்ஜின் என்றதுமே எனக்குச் சின்ன அணி வைத்து ஓட்டிய பந்தய வீரர் கார்ல் லாங்தான் நினைவுக்கு வந்தார். 2009 மே மாதம், சார்லட்டில் ஆல்-ஸ்டார் வாரம். சாம்பியன்ஷிப் புள்ளிகளே இல்லாத ஓட்டம் அது. பயிற்சியின்போது அவருடைய இன்ஜின் பழுதாகி, கழற்றி வேறு மாட்டினார். கழற்றியதை, பந்தயத்தை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். இன்ஜின் கொள்ளளவுக்கு அனுமதி 358 கன அங்குலம், இருந்தது 358.17. அணியின் தலைமை மெக்கானிக்கான க்ரூ சீஃபுக்கு 2 லட்சம் டாலர் அபராதம், 200 புள்ளிகள் வெட்டு, 12 பந்தயத் தடை. நாஸ்கார் அதுவரை விதித்ததிலேயே பெரிய அபராதம் அது. மேல்முறையீட்டில் தடை 8 பந்தயமாகக் குறைந்தது. அபராதம் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. பணம் கட்ட வழியில்லாததால் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரின் கராஜுக்குள்ளேயே லாங்கால் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்து கப் பந்தயம் ஓட்ட 2017 ஆகிவிட்டது.

அந்த 0.17 எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து 2.8 மில்லிலிட்டர், அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. நாலு அங்குலத்தைச் சற்றே தாண்டிய சிலிண்டர் துளை கொண்ட இன்ஜினில், ஒவ்வொரு துளையின் விட்டமும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெருத்தாலே இந்த 0.17 வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான் அது. தேய்மானத்தில் வரலாம். ஒவ்வொரு ரீபில்டிலும் சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து ஹோன் போடுகிறார்களே, அதிலும் வரலாம். பழைய இன்ஜின் வாங்குகிறவர் இன்னொருவர் போட்ட ஹோனையும் சேர்த்தே வாங்குகிறார்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். லாங் குற்றவாளி என்ற தீர்ப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அளவு என்றால் அளவுதான். ‘ஏழை அணி, போகட்டும்’ என்று 358.17-ஐ விட்டால் அடுத்த வாரம் 359 வரும். இன்ஜின், டயர், எரிபொருள் மூன்றிலும் கை வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த கோடு. என் சண்டை தொகையோடுதான். பெரிய அணிக்கு 2 லட்சம் டாலர் ஒரு செலவுக் கணக்கு. லாங் போன்றவருக்கு அது கடையை இழுத்து மூடச் சொல்வது. அதே குற்றத்துக்கு ஒருவர் நாலு வாரம் முகம் சுளிக்கிறார், இன்னொருவர் எட்டு வருடம் வெளியே நிற்கிறார் என்றால், அதைச் சமமான தண்டனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அபராதத்துக்கு அந்த வாரப் பரிசுத் தொகையோடு ஒட்டிய உச்சவரம்பு இருக்க வேண்டும். மீதியைப் பந்தயத் தடையாக மாற்றிக்கொள்ளட்டும்.

தொகையை அப்படி மாற்றியமைப்பது நடக்காத காரியமும் இல்லை. 2008 டேட்டோனாவில் ராபி கார்டனின் ஒற்றைக் கார் அணி மாட்டியது. அப்போதுதான் டாட்ஜுக்கு மாறியிருந்தார். காரின் முன்மூக்குப் பாகம் அங்கீகாரம் பெறாதது. 100 புள்ளிகள் வெட்டு, 1 லட்சம் டாலர் அபராதம். அந்த நாளில் உரிமையாளர் புள்ளியில் முதல் 35 இடங்களுக்குள் இருந்தால்தான் பந்தயத்தில் இடம் உறுதி. ஆகவே அவருக்குப் பணத்தைவிடப் புள்ளிதான் உயிர். மேல்முறையீட்டில் 100 புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்து, அபராதத்தை ஒன்றரை லட்சமாக உயர்த்தினார்கள். அணிக்கு எது தாங்கும், எது தாங்காது என்பதற்கு ஏற்பத் தண்டனையை மாற்றுவது அந்தத் தீர்ப்பில் தானாகவே நடந்தேறியது.

மறுபக்கம் 2023-ஐப் பாருங்கள். ஃபீனிக்ஸில் ஹூடின் காற்றுத் திறப்புகளை, லூவர் என்பார்கள், மாற்றியமைத்ததாகப் பெரிய அணியான ஹெண்ட்ரிக்கின் நாலு கார்களும் அதைவிடச் சின்ன அணியான காலிக் ரேசிங்கின் ஒரு காரும் பிடிபட்டன. காருக்கு 1 லட்சம் டாலர், 100 புள்ளிகள். முறையீட்டில் ஹெண்ட்ரிக்குக்கு 100 புள்ளிகளும் திரும்பக் கிடைத்தன. காலிக்குக்குத் திரும்பியது 25 மட்டும். ஒவ்வொரு முறையீட்டையும் மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கிறது. இரு அணிகளும் என்ன வாதாடியிருந்தாலும், வெளியிலிருந்து பார்க்கும் சின்ன அணிக்காரர் மனதில் இது எப்படிப் பதியும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் நிலைமை இவ்வளவு மோசமில்லை. உள்ளூர் டிராக்குகளில் பெரும்பாலும் தகுதிநீக்கம், பரிசுப் பணம் போவது, புள்ளி போவது என்ற அளவில்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் டிராக்கின் இந்த வருட விதிப்புத்தகத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டா, கட்டாவிட்டால் கராஜுக்குள் விடுவார்களா. லாங்கை வெளியே நிறுத்தியது இந்த இரண்டாவதுதான். புத்தகத்தில் பதில் இல்லையென்றால் சீசன் தொடங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினை வாங்குமுன் விற்பவரோடு ஒரு இன்ஜின் பில்டரிடம் போய் ‘பம்ப்’ செய்து பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கருவியைப் பொருத்தி இன்ஜினைச் சுழற்றினால் அந்த சிலிண்டரின் கொள்ளளவு தெரிந்துவிடும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு சிலிண்டரோடு நிறுத்தாதீர்கள். எட்டையும் பாருங்கள், ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும். கணக்கு வரம்பை ஒட்டி நின்றால் அந்த இன்ஜின் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. அடுத்த ஹோனுக்கு அதில் இடமில்லை. தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வரும் கிரேட் (crate) இன்ஜினாக இருந்தால் அளவைவிட சீல்தான் முக்கியம்: சீல் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, போட்டோ எடுத்து, டிராக் அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் சீலை உடைத்திருந்தாலும் மாட்டுவது நீங்கள்தான்.

மாட்டிக்கொண்டால், உங்களிடம் சொந்த அளவு இல்லாதபோது கருவியோடு சண்டை போடாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு உங்கள் முன்னால் மறுபடி அளக்கும்படி கேளுங்கள், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முறையீட்டில் ‘தப்பே செய்யவில்லை’ என்று நிற்பதைவிட, வாங்கிய ரசீதையும் பம்ப் சீட்டையும் காட்டி, உள்நோக்கம் இல்லை என்று சொல்லித் தண்டனையின் அளவைக் குறைக்கக் கேட்பதே பலன் தரும்.

ஒன்று பாக்கி. லாங் விஷயத்தில் அபராதம் க்ரூ சீஃப் பெயரில் வந்தது. உங்கள் மூவரில் யார் பெயரில் உரிமம் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். அதை மூவரும் பங்குபோட்டுக் கட்டுவீர்களா, எந்த விகிதத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.