பிரின்ஸ்டனின் இன்னொரு ஆலயம்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பிரின்ஸ்டனுக்கும் ஒரு நாள் போனோம். பல்கலைக்கழகத்தை ஒட்டி நாசோ தெருவில் உள்ள பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தை வரலாற்றுச் சிறப்புள்ளது என்று காட்டினார்கள். வெள்ளைச் சுவர், முகப்பில் பெரிய தூண்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். இதில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வெறுமை வேண்டுமென்றே வைத்தது. பிரஸ்பிட்டர் என்றால் மூப்பர். பிஷப்புகள் இல்லாமல் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் நடத்தும் திருச்சபை அது. அங்கே பிரசங்கம்தான் நடுநாயகம், அதனால் கண்ணை இழுக்கும் எதையும் வைக்க மாட்டார்கள். பல்கலைக்கழகமே போதகர்களை உருவாக்க அவர்கள் 1746-ல் தொடங்கிய கல்லூரிதான், 1756-ல் பிரின்ஸ்டனுக்கு வந்தது. பட்டமளிப்பு விழாக்கள் நெடுங்காலம் அந்த ஆலயத்தில்தான் நடந்தன. 1813-லும் 1835-லும் எரிந்து, நீங்கள் பார்த்த கட்டடம் 1836-ல் எழுந்தது.

ஆனால் நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பழைய ஆலயத்தில் கறுப்பின மக்கள் மாடியில்தான் உட்கார வேண்டும். 1835 தீக்குப் பிறகு அவர்கள் தனியாகக் கூடினார்கள், திரும்பி வர வேண்டாம் என்பதே வெள்ளையர்களின் விருப்பமாகவும் இருந்தது. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தொடங்கும் விதர்ஸ்பூன் தெருவில் பத்து நிமிடம் நடந்திருந்தால் 1840-ல் அவர்கள் கட்டி முடித்த சிறிய ஆலயம் வந்திருக்கும். தெருவின் பெயர் கல்லூரித் தலைவராக இருந்த ஜான் விதர்ஸ்பூனுடையது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஸ்காட்லாந்துப் போதகர், அடிமைகளையும் வைத்திருந்தவர்.

இந்தச் சபையை உருவாக்கியவர்களில் ஒருவர் பெட்சி ஸ்டாக்டன். அடிமையாகப் பிறந்து, இன்னொரு கல்லூரித் தலைவர் ஆஷ்பெல் கிரீன் வீட்டில் வேலை செய்துகொண்டே அவருடைய நூலகத்தில் படித்தவர். 1823-ல் ஹவாய்த் தீவுக்குப் போய், லஹைனாவில் சாதாரணக் குடிமக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம்தான் 1819-ல் டாக்டர் ஜான் ஸ்கடரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஸ்கடரும் பிரின்ஸ்டனில் படித்தவர்தான், அவர் பேத்தி ஐடா தொடங்கியதுதான் நம் வேலூர் சி.எம்.சி. பெட்சி ஊர் திரும்பி, 1865-ல் இறக்கும்வரை கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

சரி, விதர்ஸ்பூன் தெரு ஆலயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வண்ணக்கண்ணாடிச் சன்னல். அதில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது: சேப்ரா ரோப்சன். வட கரோலினாவில் ஒரு பண்ணையில் அடிமையாக இருந்த தாய். அவருடைய மகன் வில்லியம் பதினைந்து வயதுவாக்கில் அங்கிருந்து தப்பி ஓடி, வேறொரு கல்லூரியில் படித்து, இந்தச் சபையின் போதகராகி இருபது வருடம் இருந்தார். தன் அம்மாவின் பெயரை அவர் கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறார், அதன் முன்னால் நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் போதகராக இருந்த காலத்தில், ஆலயத்துக்கு அருகே கிரீன் தெரு முனையில் இருக்கும் போதகர் இல்லத்தில் 1898-ல் பிறந்த பிள்ளைதான் பாடகர் பால் ரோப்சன். 1901-ல் திருச்சபை மேலிடம் வில்லியமைப் பதவியிலிருந்து இறக்கியது. அப்புறம் அவர் அதே ஊரில் குதிரைவண்டியில் வீடு வீடாகச் சாம்பல் அள்ளிப் பிழைத்தார். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ரோப்சனின் பெற்றோர் புதைக்கப்பட்டிருப்பதும் ஜான் விதர்ஸ்பூன் கிடக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான். அதுவும் நடக்கும் தூரம்தான், நீங்கள் பார்த்த பெரிய ஆலயத்துக்குச் சொந்தமானது. அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். ஆராதனை முடியும்வரை இருந்து, சேப்ராவின் சன்னல் எது என்று யாரிடமாவது கேளுங்கள்.