ஒரே மாதிரி ரிப்போர்ட்டுக்கு ஒரு முறை 9, மறுமுறை 6: மிஸ்டரி ஷாப்பர் கேள்வி-பதில்

சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், அங்கே கண்டதை, கடையின் நிறுவனத்துக்காக இந்த வேலையை நடத்தும் ஏஜென்சிக்கு எழுதித் தருகிற மிஸ்டரி ஷாப்பர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அந்த ரிப்போர்ட்டைப் படித்து மதிப்பெண் போடும் ஏஜென்சி ரிவ்யூவர்களைப் பற்றியவை. அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு துரித உணவு நிறுவனத்தின் கிளைகளுக்கு விசிட் போகிறேன். போன முறை 10-க்கு 9 கொடுத்தார்கள். அதே பாணியில் எழுதிய அடுத்த ரிப்போர்ட்டுக்கு 6 போட்டு, 'தேவையில்லாத நீளம்' என்று திருப்பி அனுப்பினார்கள். சுருக்கி எழுதினால் இன்னொருவர் 'விவரம் போதாது' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோவை

பிரீஃப், அதாவது எதைப் பார்த்து எப்படி எழுத வேண்டும் என்று விசிட்டுக்கு முன் ஏஜென்சி தரும் குறிப்பு, சொல்வதைக் கேளுங்கள். ஒரே ஏஜென்சியில் பல ரிவ்யூவர்கள் வேலை செய்கிறார்கள். ஒருவரே காலையில் பெட்ரோல் பங்க் ரிப்போர்ட்டையும் மாலையில் கார் ஷோரூம் ரிப்போர்ட்டையும் பார்ப்பார். பங்க் ரிப்போர்ட்டில் ஒரு வரி போதும். ஷோரூமில் விற்பனையாளர் பேசியது முழுவதும் வேண்டும். அந்தப் பழக்கம் உங்கள் ரிப்போர்ட்டிலும் வந்து விழுகிறது. ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவராக இருந்தால், அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே திரும்பி வந்த ஒவ்வொரு குறிப்பையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: பிரீஃபில் எழுதியிருக்கும் விதி, ஏஜென்சியின் பொதுவான எழுத்து விதி, அந்த ரிவ்யூவரின் சொந்த ரசனை. முதல் இரண்டுக்கும் மறுபேச்சில்லாமல் திருத்துங்கள். மூன்றாவதற்கும் இந்த ஒரு முறை திருத்திக் கொடுத்துவிடலாம். ஆனால் அதை உங்கள் நிரந்தரப் பாணியாக்கிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, தேதி, கேள்வி எண், வந்த குறிப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரே குறிப்பு மூன்று முறை வந்தால் அது ரசனை இல்லை, விதி. பிரீஃபையும் ஒவ்வொரு விசிட்டுக்கு முன்னும் புதிதாக இறக்கிப் படியுங்கள். நிறுவனங்கள் சத்தமில்லாமல் கேள்விகளை மாற்றிவிடும். பழைய பிரீஃபை நம்பி எழுதிவிட்டு ரிவ்யூவரைக் குறை சொல்கிற ஷாப்பர்கள் நிறைய.

நீளத்துக்கு ஒரு வழி: 'ஆம்' என்ற பதிலுக்கு ஒரு வாக்கியம், 'இல்லை' என்ற பதிலுக்கு மூன்று அல்லது நான்கு. முதல் வாக்கியத்திலேயே பதிலுக்கான ஆதாரம் வந்துவிட வேண்டும். நேரம், ஆள், பேச்சு எல்லாம் அதற்குப் பின்னால். 'கேஷியர் வரவேற்கவில்லை, அலட்சியமாக இருந்தார்' என்று எழுதினால் எந்த ரிவ்யூவரும் திருப்புவார். இப்படி எழுதிப் பாருங்கள்: 'கேஷியர் வணக்கம் சொல்லவில்லை. மதியம் 1:12-க்குக் கவுண்டருக்கு வந்தேன். பெயர்ப்பட்டை இல்லாத, கண்ணாடி அணிந்த, சுமார் 30 வயதுள்ள ஆண் ஊழியர், திரையைப் பார்த்தபடியே "ஆர்டர்?" என்று மட்டும் கேட்டார்.' நீளம் விரும்புகிறவருக்கு இதில் விவரம் இருக்கிறது; சுருக்கம் விரும்புகிறவருக்கு வெட்ட ஒன்றும் இல்லை. 'அலட்சியம்', 'புதிய ஊழியராக இருக்கலாம்' போன்றவை உங்கள் ஊகம். கருத்து கேட்கும் பெட்டி தனியாக இருந்தால் அங்கே எழுதுங்கள்.

அதிகம் தகராறு வருவது நேரக் கணக்கில்தான். காத்திருந்த நேரம் என்பதை ஒரு பிரீஃப் வரிசையில் நின்றதிலிருந்து கணக்கிடும்; இன்னொன்று ஆர்டர் சொல்லி முடித்ததிலிருந்து. போனில் ஸ்டாப்வாட்சை வரிசையில் நிற்கும்போதே ஓடவிட்டு, ஆர்டர் ஆரம்பிக்கும்போது, பணம் கொடுத்ததும், உணவு கைக்கு வந்ததும் லேப் பொத்தானை அழுத்துங்கள். பிரீஃப் எதைக் கேட்டாலும் எண் கையில் இருக்கும். பில்லில் அச்சாகும் நேரம் கடையின் பில்லிங் கணினியுடையது. அது உங்கள் போனிலிருந்து சில நிமிடங்கள் தள்ளி ஓடலாம். 'பில் நேரம் என் போன் நேரத்தைவிட 4 நிமிடம் கூடுதலாக உள்ளது' என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டால், நேரம் ஒத்துப்போகவில்லை என்று ரிப்போர்ட் திரும்பி வராது.

விசிட் முடிந்து ஐந்தாம் நாள் ரிவ்யூவர் கூப்பிட்டு, 'மேனேஜர் தளத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லை என்று மாற்ற முடியுமா?' என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், மதுரை

நீங்கள் பார்த்தது மேனேஜரைத்தான் என்றால், மாற்றவே கூடாது. ரிவ்யூவர் அந்தக் கடையில் இல்லை, நீங்கள் இருந்தீர்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு கிளையின் மதிப்பெண்ணும், சில இடங்களில் அங்கே வேலை செய்பவர்களின் ஊக்கத்தொகையும் முடிவாகின்றன. யாரோ ஒருவர் பணத்தில் கைவைக்கிற வரி அது.

ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு கேள்வியில் 'மேனேஜர் இருந்தார்' என்று டிக் செய்துவிட்டு, கீழே 'பொறுப்பாளர் யாரையும் காணவில்லை' என்று எழுதியிருப்பீர்கள். டிக்கும் எழுத்தும் முரண்பட்டால் ரிப்போர்ட் திரும்பிவிடும். எது உண்மையோ அதை வைத்து, மற்றதைத் திருத்துங்கள். நினைவில்லை என்றால் 'நினைவில்லை' என்றே எழுதுங்கள். போனில் பேசியதை அன்றே மெயிலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் கழித்து நினைவு இருக்காது என்பது உண்மை. கடையை விட்டு வெளியே வந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்: யார், எந்த உடை, என்ன சொன்னார், எத்தனை பேர் வரிசையில். பில்லை அன்றே போட்டோ எடுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப்போகும். வண்டி டேஷ்போர்டில் கிடந்தால் எழுத்தே இருக்காது. பணம் கணக்கில் ஏறும்வரை பதிவையும் பில்லையும் அழிக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டை முழுவதுமாக நிராகரித்துவிட்டார்கள். கைப்பணம் கொடுத்துச் சாப்பிட்ட பில் தொகையும் திரும்ப வரவில்லை. யாரிடம் முறையிடுவது?
– வாசகர், சென்னை

தவறான கிளை, சொன்ன நேரத்துக்கு வெளியே விசிட், பில் இல்லை, கெடு தாண்டியது: இந்த நான்கில் ஒன்று என்றால் வாதாட இடமில்லை. எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து நடையைக் காட்டி நிராகரித்தால், அது நியாயமில்லை, விடாதீர்கள்.

ரிவ்யூவரோடு வாக்குவாதம் வேண்டாம். உங்களுக்கு விசிட் ஒதுக்கிய ஷெட்யூலருக்கு எழுதி, தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் பார்வைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மெயில், ஒரு கோரிக்கை:

'ஷாப் எண் (அந்த விசிட்டுக்கான எண்), விசிட் தேதி. கேள்வி 14-க்கு ஊழியர் விவரம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டுள்ளது. பிரீஃப் பக்கம் 3-ல், பெயர்ப்பட்டை இல்லாவிட்டால் தோற்றத்தை எழுதவும் என்று உள்ளது. தோற்றம் என் பதிலின் இரண்டாம் வரியில் உள்ளது. மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.'

பிரீஃபின் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாக இணையுங்கள். முந்தைய ரிவ்யூவர் இதையே ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த ஷாப் எண்ணையும் கொடுங்கள். 'உங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை' என்ற வரி மட்டும் வேண்டாம். அது உண்மையாக இருந்தாலும் படிப்பவரை எதிராளியாக்கிவிடும். கூலி மறுக்கப்பட்டாலும், வாங்கிய பொருளுக்கான தொகையைத் தனியாகக் கேளுங்கள்.

எந்தக் கோபத்திலும் கடையையோ அந்த நிறுவனத்தையோ நேரடியாகத் தொடர்பு கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட, ரகசியம் காக்கும் ஒப்பந்தம் அதோடு முறிந்துவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்ததும் வீணாகும்.

ஓர் ஏஜென்சி இரண்டு முறை பதிலே சொல்லாவிட்டால், அதனிடம் கைப்பணம் போட்டுச் செய்யும் வேலையை எடுக்காதீர்கள். விலை விசாரித்துவிட்டுத் திரும்பும் ஷோரூம் விசிட், போன் விசாரணை போன்றவற்றில் போவது உழைப்பு மட்டும்தான். 2,000 ரூபாய் ஓட்டல் பில் போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் மாற்றுகிறேன். ஒரு ரிவ்யூவர் ஏற்கிறார், இன்னொருவர் திருப்புகிறார்.
– வாசகி, திருச்சி

செயலி 'அவர்' என்பதை ஒரு வரியில் ஆணாகவும் அடுத்த வரியில் பெண்ணாகவும் மாற்றிவிடும். மேலே பெண் ஊழியர் என்று டிக் செய்திருக்க, கீழே ஆண் வந்தால், கூர்ந்து படிக்கிற ரிவ்யூவர் நீங்கள் கடைக்கே போகவில்லையோ என்று சந்தேகப்படுவார். தமிழில் எழுதும்போதே 'கவுண்டரில் இருந்த பெண்', 'உணவு கொண்டுவந்த இளைஞர்' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆளைக் குறிப்பிடுங்கள். வாக்கியங்கள் பத்துச் சொல்லுக்குள், எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கட்டும். மாற்றிய பிறகு நேரங்களையும் தொகைகளையும் பில்லோடு வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.