800 மீட்டரில் எலக்ட்ரானிக் டார்கெட் காட்டும் புள்ளியை நம்பலாமா?

நம்பலாம், டார்கெட்டின் மூலைகளில் குண்டின் ஒலியைப் பிடிக்கும் மைக்குகள் நகராமல் இருக்கும் வரை. நல்லா விட்ட குண்டுக்குத் திரையில் புள்ளி குறைவாக விழுந்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடந்தது.

ஆஸ்திரேலியாவில் எஃப் கிளாஸ் (படுத்தபடி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து ஸ்கோப் வழியாகத் தொலைதூரம் சுடும் போட்டி) சுடுகிறேன், .308 துப்பாக்கி. போன கோடையில் ஒரு கிளப் போட்டி. காலை நேரம், கொடி அசையவில்லை. டார்கெட்டில் புதுத்தாள், அதில் முதலில் சுட்டவன் நான். கணக்கில் சேராத இரண்டு சோதனைக் குண்டு, அப்புறம் நாலு குண்டு, எல்லாம் எக்ஸ், அதாவது நட்டநடு வட்டம். அதற்கும் ஆறு புள்ளிதான், சமன் வந்தால் எக்ஸ் கூட எடுத்தவர் ஜெயிப்பார். ஐந்தாவதும் ஆறாவதும் திடீரென்று இடது மேலே, எக்ஸ் இல்லாத வெறும் ஆறு. காற்றுதான் என்று நினைத்து ஸ்கோப்பைத் திருத்தினேன். மீதி நாலும் திரையில் எக்ஸ்.

முடிந்ததும் போய்ப் பார்த்தால், தாளில் எட்டுத் துளை நடுவில் கொத்தாக இருக்கிறது. நாலு துளை வலது கீழே, இரண்டு விரல் தள்ளி. அதாவது ஐந்தும் ஆறும் நடுவில்தான் போயிருக்கின்றன. நான் திருத்திய பிறகு விட்டவைதான் தள்ளிப் போனவை. இடது மேல் மூலையில் மைக்கின் போல்ட் தளர்ந்து, ஒரு கைப்பிடி அளவு கீழே இறங்கியிருந்தது.

குண்டு ஒலியை விட வேகமாக வரும்போது எழும் அதிர்வலை ஒவ்வொரு மைக்கையும் எப்போது தொடுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. ஒலி 1 மில்லிமீட்டர் போக 3 மைக்ரோநொடிதான் ஆகும். மைக் நடுவை நோக்கி இறங்கினால் அலை அதை முன்னாலேயே தொடும், குண்டு அந்த மூலைக்குப் பக்கத்தில் போனதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். வெயிலைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஒரு டிகிரிக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் மாறுவது உண்மை, ஆனால் அந்தப் பிழை ஓரத்தில்தான் பெரிதாகும், நடுவில் அநேகமாக இருக்காது.

தோற்றவன் சாக்கு சொல்கிறான் என்று யாராவது எழுதலாம். 60க்கு 60 எடுத்தேன், ஒரு எக்ஸ் குறைந்து இரண்டாமிடம். வெயிலில் டார்கெட்டுக்குக் கீழே குழிக்குள் நின்று தாள் டார்கெட்டை ஏற்றி இறக்கியவன் நான், அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று சொல்லவில்லை. துளையைக் காட்டியும் "திரையில் வந்ததுதான் கணக்கு" என்று முடித்துவிட்டார்கள், அதுதான் வலிக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, சுடுவதற்கு முன் நாலு மூலை மைக்கையும் கையால் அசைத்துப் பாருங்கள். நடுவில் புதுத்தாள் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்ட மறுத்தால் நீங்களே கொண்டு போங்கள்.