கம்பைலருக்கு ஐஎஸ்ஓ சர்ட்டிஃபிகேட் கேட்டா என்ன குடுக்குறது?

"கார் பிரேக் கன்ட்ரோலருக்கு சி-ல கோட் எழுதுறோம், கம்பைலர் (கோட மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்துற டூல்) சி ஸ்டாண்டர்டுக்கு சர்ட்டிஃபை ஆனதுக்கு ஐஎஸ்ஓ சர்ட்டிஃபிகேட் வேணும்னு கஸ்டமர் கேக்குறார், எங்க வாங்கறது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

எங்கயும் கிடைக்காதுங்க. ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட எழுதும், அவ்ளோதான், யாருக்கும் சர்ட்டிஃபிகேட் குடுக்காது. ஒரு காலத்துல அமெரிக்காவோட அரசு தர நிறுவனம் நிஸ்ட், கோபால், ஃபோர்ட்ரான், சி கம்பைலர எல்லாம் டெஸ்ட் பண்ணி லிஸ்ட் போட்டுட்டு இருந்துச்சு, 90கள் கடைசில அதையும் மூடிட்டாங்க.

இதுல உருப்படியா செஞ்சது அடாங்கிற புரோகிராமிங் மொழிக்காரங்கதான். 1983லயே ஒரு டெஸ்ட் தொகுப்பு வச்சு கம்பைலர பாஸ் பண்ண ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் ஏகேட்ஸ்ங்கிற பேர்ல ஓடுது. அதுல பி கிளாஸ் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, வேணும்னே தப்பா எழுதின புரோகிராம், தப்பான வரி பக்கத்துல 'எரர்'னு கமென்ட் போட்டிருக்கும், கம்பைலர் அந்த வரிய எல்லாம் பிடிக்கணும், ஒண்ண விட்டாலும் ஃபெயில்தான். ஆனா பாஸ் ஆயிட்டா பக் இல்லன்னு அர்த்தம் இல்ல, அந்த வெர்ஷன், அந்த மெஷின், அந்த ஆப்ஷன்ல அந்த டெஸ்டெல்லாம் தேறிச்சுன்னு மட்டும்தான். சிஸ்மித்னு ஒரு டூல் தானா சி புரோகிராம் எழுதித் தள்ளி, ஜிசிசி, எல்எல்விஎம் மாதிரி பேர் போன கம்பைலர்கள்லயே மொத்தம் முன்னூறுக்கு மேல பக் பிடிச்சதா 2011ல ரிப்போர்ட் வந்துச்சே!

உங்க கஸ்டமர் நெனைக்கிறது அனேகமா ஐஎஸ்ஓ 26262, அதாவது கார் எலக்ட்ரானிக்ஸ் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட், அதுல எட்டாவது பாகத்துல டூல் குவாலிஃபிகேஷன் வருது, அதாவது நீங்க பயன்படுத்துற டூல நம்பலாம்னு காட்டுறது. கம்பைலர் தப்பு பண்ணா பிரேக் பாதிக்குமா, அந்தத் தப்ப நீங்க டெஸ்ட்ல பிடிச்சுடுவீங்களான்னு ரெண்டு கேள்வி. கண்டிப்பா பிடிச்சுடுவோம்னு காட்ட முடிஞ்சா டிசிஎல் 1 (டூல் நம்பிக்கை லெவல் 1), குவாலிஃபிகேஷனே தேவையில்ல. முடியலன்னா கம்பைலர் வெண்டர்கிட்ட குவாலிஃபிகேஷன் கிட் (அதுக்கான டெஸ்ட், டாகுமென்ட் தொகுப்பு) கேளுங்க, இல்லன்னா சூப்பர்டெஸ்ட் மாதிரி டெஸ்ட் தொகுப்பு காசு குடுத்து வாங்கி நீங்களே ஓட்டுங்க.

ஓட்டும்போது உங்க பில்டுல இருக்கிற அதே ஆப்ஷன்ல ஓட்டணும், இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. ஓ0ல (ஆப்டிமைசேஷன் இல்லாம) டெஸ்ட் பண்ணிட்டு ஓ2ல (ஆப்டிமைசேஷனோட) ஷிப் பண்ணா அந்த ரிப்போர்ட் குப்பைக்குத்தான். ஜிசிசிய சும்மா ஓட்டினா ஸ்டாண்டர்டுல இல்லாத க்னூ நீட்டிப்புகளோடதான் ஓடும், ஸ்டாண்டர்ட் ஆப்ஷன்ல சி11னோ சி17னோ (சி ஸ்டாண்டர்டோட வெர்ஷன்கள்) குடுத்து, ஸ்டாண்டர்ட மீறினா எரர் காட்டுற பெடான்டிக் எரர்ஸ் ஆப்ஷனும் போடுங்க. ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் இருந்தா தூக்கிடுங்க, ஃப்ளோட் (தசம எண்) கணக்குல ஸ்டாண்டர்ட மதிக்காது அது.

கஸ்டமருக்கு சர்ட்டிஃபிகேட்டுக்கு பதிலா வெர்ஷன், ஆப்ஷன் லிஸ்ட், டெஸ்ட் ரிப்போர்ட், ஃபெயில் ஆனத எப்படி கோட்ல தவிர்க்கிறீங்கன்னு ஒரு பக்கம், இவ்ளோ அனுப்புங்க.