விட்டுப்போன இரண்டு யூனிட்

அன்புள்ள ஐயா,

வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் சாகுபடி செய்கிறேன். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. இதுவரை எந்தத் தாளிலும் 80க்குக் குறைந்ததில்லை. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பதாக சீனியர் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். பழைய வினாத்தாளை செல்போனில் இறக்கிப் போட்டுப் பார்த்ததில் பத்துக் கேள்விகூடத் தேறவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. திருச்சியில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். சனி, ஞாயிறு வகுப்புக்கு 60,000 கேட்கிறார்கள். சம்பா நெல் போட்ட பணத்தில் பாதி இருக்கிறது. மீதிக்கு நகையை வைக்க வேண்டும். நீட் தேர்வை எதிர்த்து எழுதியவர் நீங்கள், உங்களிடம் இதைக் கேட்கலாமா என்று தயக்கம்தான். ராமானுஜன் நடந்த மண் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? ஆங்கிலம்தான் தடையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நகையை வைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீட் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை 2007-08 முதல் தமிழ்நாடு எடுத்துப்போட்டது சரியான காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று மணி நேரத்தில் அதன் தலையெழுத்தை எழுதுவது நியாயமில்லை. ஜாம் வேறு. பட்டப்படிப்பில் கணக்கை மூன்று வருடம் படித்தவர்களிடம் கணக்கைக் கேட்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்து 80க்கும் இன்னொன்றின் 80க்கும் சம்பந்தமில்லாத நாட்டில் ஏதோ ஒரு பொது அளவு வேண்டும்தான். ஒருவேளை என்னோடு நீங்கள் உடன்படாவிட்டாலும், விண்ணப்பத்தின் கடைசித் தேதி நம் இருவருக்காகவும் தள்ளிப்போகாது.

மகளின் 80க்கு வருவோம். டெல்டாவின் பல கல்லூரிகளில் செமஸ்டர் தாள் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேளுங்கள். ஐந்து யூனிட். யூனிட்டுக்கு இரண்டாக, பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள். யூனிட்டுக்கு ஒன்றாக, ‘அல்லது’ போட்ட ஐந்து மதிப்பெண் கேள்விகள். கடைசியில் பத்து மதிப்பெண் கேள்வி ஐந்து, அவற்றில் ஏதேனும் மூன்று. மொத்தம் 75, மீதி 25 இன்டர்னல். இப்போது ஒரு பெண் மூன்று யூனிட்டை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போகிறாள் என்று வையுங்கள். 12, 15, 30, ஆக 57. இன்டர்னலில் 23 விழுந்தால் 80! இரண்டு யூனிட்டைத் திறந்தே பார்க்காமல்.

உங்கள் மகள் அப்படிச் செய்தாள் என்று சொல்லவில்லை. அந்தத் தாள் அப்படிச் செய்ய விடுகிறது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் அதற்கு மழையும் துணை. ஜூனில் தொடங்கும் செமஸ்டரின் கடைசி யூனிட்டுகள் அக்டோபர், நவம்பரில்தான் வரும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு விடுமுறை என்று காலையில் டிவியில் ஓடும். மழை விட்டதும் ‘இம்பார்ட்டன்ட்’ என்று நான்கு கேள்வியைக் குறித்துக் கொடுத்து பாடத்தை முடிப்பார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஜாம் தாளில் இம்பார்ட்டன்ட் கிடையாது, ‘ஏதேனும் மூன்று’ கிடையாது. அவள் முட்டிக்கொண்டது அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. குரூப் தியரி என்றொரு கணிதப் பாடம். அதில் செமஸ்டர் கேட்பது, ஹோமோமார்ஃபிசத்தின் (ஒரு குரூப்பின் கூட்டலைக் குலைக்காமல் இன்னொன்றுக்கு அனுப்பும் விதி) அடிப்படைத் தேற்றத்தைக் கூறி நிறுவு என்று. இரண்டு பக்கம் எழுதினால் பத்து மதிப்பெண். ஜாம் பாணியில் கேட்டால் இப்படி இருக்கும்: இசட் 12 என்ற குரூப்பிலிருந்து (0 முதல் 11 வரை எண்கள், கூட்டி 12ஐ எட்டினால் மீண்டும் 0) அதேபோன்ற இசட் 18க்கு எத்தனை ஹோமோமார்ஃபிசங்கள்? தேற்றத்தை ஒப்பிப்பவள் இங்கே விழிப்பாள். வரையறையைக் கையில் எடுத்துப் பிசைந்தவள், 1 எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பாள். அது போய்ச் சேரும் எண்ணை 12ஆல் பெருக்கினால் 18இன் மடங்கு வரவேண்டும். அப்படியென்றால் அந்த எண் 3இன் மடங்கு. 0, 3, 6, 9, 12, 15. விடை 6, ஒரு நிமிட வேலை. இதில் எவ்வளவு ஆங்கிலம் இருக்கிறது சொல்லுங்கள்? தமிழ் வழியில் பள்ளி முடித்த பிள்ளைக்கும் ஒரு மாதத்தில் பழகிவிடுகிற நூறு, நூற்றைம்பது சொற்கள்தான். ஆங்கிலத்தை இந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ராமானுஜனையும் அடித்துவிடலாம். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையைப் பறிகொடுத்தார். பிறகு சென்னையில் எழுதிய எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரி இடைநிலைத் தேர்விலும் தேறவில்லை. மேடைக்கு அவர் சரி. பரீட்சைக்குத் தயாராகிறவள் பின்பற்ற உகந்தவர் இல்லை.

நான் சொல்வது இதைத்தான்: விட்டுப்போன யூனிட்டுகளை முதலில் எடுக்கட்டும். முதல் நான்கு செமஸ்டரின் கணிதப் பாடத்திட்டத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஜாம் பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டும் வட்டமிட்டு, அதில் தனக்குத் தெரியாததை நேர்மையாகக் குறிக்கட்டும். ரியல் அனாலிசிஸ் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் வரும். ஜாம் நடப்பது பிப்ரவரியில். கல்லூரி அதை நடத்தட்டும் என்று காத்திருந்தால் தையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்தக் கோடை விடுமுறையிலேயே அதில் வரும் தொடர்வரிசை, தொடர் இரண்டையும் அவளாகத் தொடங்க வேண்டும். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல் என்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. துறையில் கல்லூரி ஆசிரியராவதற்கான நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேறியவர் யாராவது இருப்பார், பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளராக. ஏறக்குறைய இதே கேள்விகளோடு மல்லுக்கட்டித் தேறியவர் அவர். சம்பளம் சொற்பம், ஆனாலும் சந்தேகம் கேட்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

தாளின் அமைப்பையும் தெரிந்துகொண்டு போகட்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தவறினால், கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இங்கே குருட்டாம்போக்கு கூடாது. அடுத்த 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், அத்தனையையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். கடைசி 20 கேள்விகளுக்கு விடையை எண்ணாகத் தட்ட வேண்டும். இந்த முப்பதிலும் தவறுக்குக் கழிவே இல்லை, ஒன்றைக்கூட வெறுமையாக விடக் கூடாது. கால்குலேட்டரும் திரையில்தான், மவுஸால் அழுத்த வேண்டும். செல்போன் பழகிய கைக்கு அது சனியன் பிடித்த வேலை. கல்லூரிக் கணினி அறையில் இரண்டு மூன்று முறை முழுத் தாளை உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். பழைய தாள்களும் விடைகளும் தேர்வின் சொந்தத் தளத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஐ.ஐ.டி. நடத்துவதால் தள முகவரி மாறும், அதை மட்டும் கவனிக்கவும்.

அந்த 60,000? கோச்சிங் சென்டர் தருவது கால அட்டவணையும் சேர்ந்து படிக்கத் துணையும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வலங்கைமானிலிருந்து திருச்சிக்குப் போய்வந்தால் சனி, ஞாயிறு இரண்டுமே பேருந்தில் கரையும். திங்கட்கிழமை வகுப்பில் தூங்குவாள். அவள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். போட்டியாகிவிடுமே என்று பயப்படாதீர்கள், அவர்கள் போட்டியிடுவது ஊரோடு அல்ல, நாட்டோடு. கையில் உபரிப் பணம் இருந்து, அவளும் ஆசைப்பட்டால் நவம்பருக்குப் பிறகு மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் ஏதாவது கட்டலாம்.

ஜாம் மட்டும்தான் என்று நிற்கவும் வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே திருவாரூர் நீலக்குடியில் 2009இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேருந்தில் அந்த வழியாகப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு அதில் எப்படிச் சேர்வது என்று தெரியாது. அங்கே பட்டமேற்படிப்புக்குச் சேர்க்கை கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு வழியாக. 75 கேள்விகள், 90 நிமிடம், சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. ஜாமுக்குப் படித்தவளுக்கு இதில் வேகம் மட்டும்தான் புதிது.

ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில் வரும். பெண்களுக்குக் கட்டணம் பாதி. உங்களிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், இ-சேவை மையத்தில் போடலாம். எட்டு லட்சம் வருமான வரம்பு என்றதும் நெல் விற்ற பணத்தைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள், விவசாய வருமானம் அந்தக் கணக்கில் சேராது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும் என்பது அந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும், பழையதைக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். இதையெல்லாம் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் கொள்முதல் நிலையத்துக்கு அடங்கல் வாங்க ஊரே வி.ஏ.ஓ. வாசலில் நிற்கும், நீங்களும் அந்த வரிசையில்தான் இருப்பீர்கள்.