மச்சியா வீடு வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். போன ஏப்ரலில் நானும் மனைவியும் ஜப்பானின் கியோட்டோவில் பத்து நாள், மச்சியா எனப்படும் பழைய மரவீடு ஒன்றில் தங்கினோம். அங்கே நிஷிஜின் பகுதியின் நெசவும் கியோமிசு மண்பாண்டங்களும் பார்த்தோம். திரும்பி வந்தும் மனம் அங்கேயேதான் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டை வாங்கிக் குடியேறலாமா என்று யோசிக்கிறோம். மனைவிக்கு ஒரு கைத்தொழில் கற்க ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் பிப்ரவரியில் போய் ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். மச்சியா கோடையை மனத்தில் வைத்துக் கட்டிய வீடு. முகப்பு குறுகல், உள்ளே நீளம். 'விலாங்கின் படுக்கை' என்றே அதைச் சொல்வார்கள். நடுவே உள்ள சின்னத் தோட்டத்தில் தண்ணீர் தெளித்தால் அறைகளுக்குள் காற்று அசையும். மண்தரைச் சமையலறைக்கு மேலே கூரை வரை வெற்றிடம், புகை ஏறிப்போக. குளிர்காலத்தில் வீட்டின் கதகதப்பும் அப்படியே ஏறிப்போய்விடும். தரையிலிருந்து எழும் அந்தக் குளிருக்கு 'சொகோபியே' என்று பெயர். ஒரு ஜனவரியில் நிஷிஜினில் தங்கியபோது இரண்டு காலுறை போட்டும் எனக்குப் பாதம் மரத்துப்போனது.

வீடு, கைத்தொழில் என்று இரண்டு ஆசைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றுதான். நிஷிஜின் நெசவாளர் வீட்டில் பின்கட்டு முழுக்கத் தறிக்கூடம். மண்தரையைத் தோண்டித் தறியை இறக்கியிருப்பார்கள், ஈரப்பதத்தில் பட்டு இழை அறாமல் இருக்க. அதே நகரின் கோஜோசாகா பகுதியில் குயவர் கவாய் கன்ஜிரோ 1937-இல் தானே வடிவமைத்துக் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். பின்னால் படிப்படியாக ஏறும் பெரிய சூளை இருக்கிறது. அங்கே அரைநாள் உட்காருங்கள். மண்சுவர் பூசுகிறவர், தாதாமி பாய் தைப்பவர், காகிதக் கதவு ஒட்டுபவர் எல்லோருக்கும் இந்த வீடுகள்தான் பிழைப்பு. 2016 கணக்கெடுப்பில் நகரில் சுமார் 40,000 மச்சியாக்கள் இருந்தன. வருடம்தோறும் நூற்றுக்கணக்கில் இடிக்கிறார்கள். ஒன்றை நீங்கள் பழுதுபார்த்து வாழ்ந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, சட்டம். வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கத் தடையில்லை, ஆனால் வீடு வாங்கினால் வசிக்கும் உரிமை வந்துவிடாது. பாரம்பரியக் கலை கற்க 'கலாச்சார நடவடிக்கை' விசா உண்டு, அதில் சம்பாதிக்க முடியாது. அதனால் உங்கள் வேலைக்கு வழி தெரிந்த பிறகே வீட்டைத் தேடுங்கள். அப்புறம், சந்துக்குள் மலிவாகக் கிடைக்கும் வீடுகளில் மிகவும் கவனம் தேவை. பொதுவாக 4 மீட்டர் அகலத் தெருவை மனை 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இடித்துக் கட்ட அனுமதி கிடைப்பது கடினம், வங்கிக் கடனும் அப்படித்தான்.

அந்த ஒரு மாதத்தில் காலையில் சீக்கிரம் எழுந்து தெருவைப் பாருங்கள். வாசல் பெருக்குகிறவர்கள் பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் கொஞ்சம் பெருக்குவார்கள். அதிகமாகப் பெருக்கினால் அவர்களைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும், பெருக்காமல் விட்டால் ஒட்டுதல் இல்லை என்று ஆகும். அந்த அளவு உங்கள் இருவருக்கும் கைவருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.