ஒரே ருத்தேனியம், இரு வேறு சீரியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். அம்மோனியா தொகுப்புக்கான திட்டப்பணியில், இரண்டு முறைகளில் சீரியம் ஆக்சைடு (சீரியா) தயாரித்து, இரண்டிலும் வினையூக்கி உலோகமான ருத்தேனியத்தை ஒரே அளவு ஏற்றினோம். ஒன்று நன்றாக வேலை செய்கிறது, மற்றது மந்தமாக இருக்கிறது. வினையை நடத்துவது உலோகம்தான் என்றால், அதற்குத் தாங்கியான சீரியாவைத் தயாரித்த விதம் ஏன் இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

தாங்கி உலோகத்தைச் சுமக்க மட்டுமே இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைப்பதே இவ்வினையின் கடினமான படி. ருத்தேனியத்தின் மேல் ஒட்டிய நைட்ரஜனுக்கு எலக்ட்ரான் கிடைத்தால் அப்பிணைப்பு தளர்கிறது. சீரியாவின் பரப்பில் ஆக்சிஜன் அணு நீங்கிய வெற்றிடங்கள் எவ்வளவு மிகுதியோ, அந்த எலக்ட்ரானை உலோகத்துக்குத் தருவது அவ்வளவு எளிது. வெற்றிடங்களின் எண்ணிக்கையோ நீங்கள் சீரியாவை உருவாக்கிய விதத்தைப் பொறுத்தது.

அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அடைத்த கலனில் 100 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் நுண்தண்டுகளும், 180 டிகிரியில் வைத்தால் கனசதுரங்களும் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே சேர்மம்தான் என்றாலும் வெளியே தெரியும் படிக முகங்கள் வேறு. தண்டுகளில் வெற்றிடங்கள் எளிதில் உருவாவதால், அவற்றின் மேல் அமர்ந்த ருத்தேனியம் கூடுதல் செயல்திறன் காட்டியதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மஃபிள் உலையில் அதிக வெப்பத்தில் சுட்டால் துகள்கள் பெருத்துப் பரப்பு சுருங்கும், உலோகமும் சீராகப் பரவாது. அதற்காக உலோகத் துகள் சிறிதாகச் சிறிதாக நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நைட்ரஜனை உடைக்கும் படிக்கட்டு போன்ற தளங்கள் ஏறத்தாழ 2 நானோமீட்டர் துகள்களில்தான் நன்கு அமைகின்றன; அதைவிட மிகச் சிறியவற்றில் குறைந்துவிடுகின்றன.

கரித் தாங்கியிலும் இதே கதைதான். சாதாரண செயலூட்டிய கரி, ருத்தேனியத்தின் முன்னிலையில் ஹைட்ரஜனோடு வினைபுரிந்து மீத்தேனாகிக் கரைந்துபோகும். முன்கூட்டியே மிக உயர் வெப்பத்தில் கிராஃபைட்டாக்கினால் இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. கனடாவின் கிட்டிமாட்டில் 1992-இல் ருத்தேனிய வினையூக்கி ஆலைப் பயன்பாட்டுக்கு வந்தது அத்தகைய கரியின் மேல்தான்.

உங்கள் மாதிரிகளைப் பற்றி முடிவுகட்டும் முன் எஞ்சிய அயனிகளை அளந்து பாருங்கள். ஒன்றைச் சோடியம் ஹைட்ராக்சைடாலும் மற்றதை அம்மோனியாக் கரைசலாலும் வீழ்படிவாக்கியிருந்தால், கழுவியும் போகாத சோடியமே ருத்தேனியத்தின் செயல்திறனைக் கூட்டும் ஊக்கியாகச் செயல்பட்டிருக்கலாம். ருத்தேனியம் குளோரைடு பயன்படுத்தியிருந்தால், தங்கிவிட்ட குளோரின் எதிர்விளைவைத் தரும். இன்னொன்று, நம் சென்னையின் ஈரக்காற்றில் திறந்து கிடந்த சீரியா நீரையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அப்படியே எடை போட்டால் ‘ஒரே அளவு’ என்பதே பிழையாகிவிடும். உலர்த்தி, உடனே எடை போட்டு, இரண்டையும் ஒரே வெப்பநிலையில் ஹைட்ரஜனால் ஒடுக்கிய பின் மீண்டும் ஒப்பிடுங்கள்.